வாடகை நேரத்திலிருந்து சொந்த அலைவரிசைக்கு: சான் அன்டோனியோவின் ஸ்பானிய வானொலி

வாரத்துக்கு மூன்றரை டாலர். 1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ நகரில், லிடியா மெண்டோசா என்ற பதின்ம வயதுப் பெண்ணுக்கு வானொலியில் பாடுவதற்குக் கிடைத்த ஊதியம் அது.

அதற்குமுன் அவர் குடும்பத்தாருடன் நகரின் சந்தைத் திடலில் பாடி வந்தார். மாலை வேளையில் மிளகாய்க் குழம்பு விற்கும் பெண்கள் அங்கு கடை விரிப்பார்கள். சாப்பிட வருவோர் போடும் சில்லறைதான் மெண்டோசா குடும்பத்தின் வருமானம். மேனுவல் கோர்ட்டெஸ் என்ற ஸ்பானிய மொழி அறிவிப்பாளர் அந்தக் குரலைக் கேட்டு, தம் நிகழ்ச்சியில் வந்து பாடும்படி அழைத்தார். பெண்ணின் தாயார் முதலில் மறுத்துவிட்டார். ஒரு மாலை திடலுக்குப் போகாமல் இருந்தால் மறுநாள் செலவுக்குக் காசு இருக்காது. கடைசியில், சத்து டானிக் விற்கும் நிறுவனம் ஒன்று விளம்பரம் கொடுக்க முன்வந்த பிறகே அந்த மூன்றரை டாலர் ஏற்பாடானது. 1934ல் மெண்டோசா பதிவுசெய்த ‘மால் ஓம்ப்ரே’ இசைத்தட்டு, அமெரிக்க-மெக்சிகோ எல்லையின் இருபுறமும் அவரைப் புகழ்பெறச் செய்தது.

அந்த நாளில் பாடகியின் நிலை மட்டுமல்ல, அறிவிப்பாளரின் நிலையும் நிச்சயமற்றதுதான். அவர் கையில் இருந்தது ஆங்கில நிலையம் ஒன்றில் கிடைத்த அரை மணி நேரம். விளம்பரதாரர் போனால் நிகழ்ச்சியும் போய்விடும். நகரில் ஸ்பானிய மொழி ஒலித்தது. ஆனால், ஒலிபரப்பு உரிமம் அந்த மொழி பேசுவோர் கையில் இல்லை.

அந்த நிலை 1946ல் மாறியது. அந்த ஆண்டு அதே நகரில் தொடங்கிய ‘கேசிஓஆர்’ வானொலி, அமெரிக்க நிலப்பரப்பில் ஹிஸ்பானியர் ஒருவர் சொந்தமாக நடத்திய முதல் முழுநேர ஸ்பானிய மொழி நிலையமாக வரலாற்றில் இடம்பெற்றது. ‘அமெரிக்க நிலப்பரப்பில்’ என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட புவெர்ட்டோ ரிக்கோ தீவில் 1922லேயே ‘டபிள்யூகேஏகியூ’ நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. ஆனால், ஸ்பானிய மொழி அங்கு தீவின் மொழி. டெக்சசில் அது பள்ளிக்கூடத்தில் பேசினால் தண்டனை கிடைக்கும் மொழி.

விடியற்காலை வாடகை

ஸ்பானிய நிகழ்ச்சிகள் அக்காலத்தில் எப்படி ஒலிபரப்பாயின என்பதைப் புரிந்துகொண்டால்தான் 1946ல் நடந்ததன் எடை தெரியும்.

அமெரிக்க வானொலி விளம்பர வருவாயில் இயங்கியது. மாலை நேரம் விலை உயர்ந்தது. பெரிய நிறுவனங்கள் அதை வாங்கிக்கொள்ளும். விடியற்காலை, பின்னிரவு, ஞாயிறு போன்ற நேரங்களுக்கு ஆள் கிடைக்காது. அந்த நேரத்தை நிலைய உரிமையாளர்கள் மொத்தமாக, மலிவு விலையில் தரகர்களுக்கு விற்றுவிடுவார்கள். ஒரு மணி நேரத்தை வாங்கிய தரகர், அதை நிமிடங்களாகப் பிரித்து ரொட்டிக்கடை, துணிக்கடை, மருந்துக்கடை, ஈமச்சடங்கு நிறுவனம் எனத் தம் சமூகத்தின் சிறு வணிகர்களிடம் விளம்பரமாக விற்பார். நிலையத்துக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவது அவருக்கு. பல நேரங்களில் அவரே அறிவிப்பாளர், அவரே விற்பனையாளர், பாட்டுக்காரர்களைத் தேடிப் பிடிப்பவரும் அவரே.

ஆங்கில நிலைய முதலாளிகளுக்கு இது சிரமமில்லாத வருமானம். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பேசப்படுகிறது என்பதே புரியாது. ஆனால், வேண்டாம் என்று தோன்றினால் மறுவாரமே நேரத்தைப் பறித்துக்கொள்ள அவர்களால் முடியும்.

இந்த முறை தந்த சக்தியும் அதில் இருந்த ஆபத்தும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரே மனிதரின் வாழ்க்கையில் தெரிந்தன. பேத்ரோ கொன்சாலெஸ் மெக்சிகோ புரட்சியின்போது பாஞ்சோ வில்லாவின் படையில் தந்தி இயக்குநராக இருந்தவர். அமெரிக்காவுக்கு வந்தபின் 1930 வாக்கில் ‘லோஸ் மத்ருகதோரெஸ்’, அதாவது ‘விடியலில் எழுவோர்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதிகாலை நாலு மணிக்கு ஆரம்பம். மலிவான நேரம் என்பதால் அமைந்தது அது. ஆனால், வயல் வேலைக்கும் கட்டுமான வேலைக்கும் கிளம்பும் தொழிலாளர்கள் விழித்திருக்கும் நேரமும் அதுதான்.

அது பொருளாதார மந்தநிலைக் காலம். வேலை இல்லாத வெள்ளையருக்கு இடம் தேவை என்று கூறி, மெக்சிகோ வம்சாவளியினரை நாடு திருப்பி அனுப்பும் நடவடிக்கைகள் நடந்துகொண்டிருந்தன. நூறாயிரக்கணக்கானோர் எல்லை கடந்து அனுப்பப்பட்டனர். அவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களும் அடங்குவர். கொன்சாலெஸ் பாட்டுக்கு நடுவே இதைக் கண்டித்துப் பேசினார். 1934ல் அவர்மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் சுமத்தப்பட்டு, 50 ஆண்டுகள் வரை சிறையில் இருக்கும்படி தீர்ப்பானது. புகார் கொடுத்த பெண் பின்னர் தமது சாட்சியத்தை மீட்டுக்கொண்டார். இருந்தும் கொன்சாலெஸ் 1940ல்தான் விடுவிக்கப்பட்டார். விடுவித்த கையோடு மெக்சிகோவுக்கு நாடு கடத்தப்பட்டார். எல்லைக்கு அப்பால் தீவானா நகரில் குடியேறி, அங்கிருந்து மீண்டும் வானொலியில் பேசினார்.

வானொலியில் வாடகைக்குப் பேசுபவருக்கு எவ்வளவு பெரிய நேயர் கூட்டம் இருந்தாலும், காலடியில் நிலம் இல்லை.

பள்ளியில் தடை, சந்தையில் பேச்சு

1940ல் சான் அன்டோனியோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 250,000. அவர்களில் சுமார் 100,000 பேர் மெக்சிகோ வம்சாவளியினர். நகரின் மேற்குப் பகுதியில் நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த அவர்களில் பலருக்கு, ‘பெக்கான்’ எனப்படும் கொட்டையை உடைத்துப் பருப்பெடுப்பதுதான் தொழில். அந்த வேலையில் வாரக் கூலி இரண்டு முதல் மூன்று டாலர். 1938ல் கூலியைக் குறைத்தபோது ஏறத்தாழ 12,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர், பெரும்பாலோர் பெண்கள். லிடியா மெண்டோசாவின் மூன்றரை டாலர் எவ்வளவு பெரிய தொகை என்பது இந்தக் கணக்கை வைத்துப் பார்க்கும்போது விளங்கும்.

மொழியின் நிலையும் கிட்டத்தட்ட இப்படித்தான். பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கும் சட்டத்தை டெக்சஸ் 1918ல் இயற்றியது. அது 1960களின் இறுதிவரை நடப்பில் இருந்தது. விளையாட்டுத் திடலில் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளும் தண்டிக்கப்பட்டனர். ஆனால், சந்தையிலும் தேவாலயத்திலும் வீட்டிலும் அதுவே பேச்சுமொழி. 1913ல் இக்னாசியோ லோசானோ தொடங்கிய ‘லா பிரென்சா’ நாளிதழ் இந்த நகரிலிருந்துதான் வெளிவந்தது. தரமான ஸ்பானிய நடைக்குப் பெயர் பெற்ற இதழ் அது. ஆனால், நாளிதழுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வானொலிக்கு அது தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 1930களில், மெக்சிகோ மண்ணில் எல்லையை ஒட்டி ராட்சத சக்தி கொண்ட வானொலி நிலையங்கள் எழும்பின. ஆட்டுச் சுரப்பியை மனிதருக்குப் பொருத்தி ஆண்மை தருவதாகச் சொல்லிப் பணம் குவித்த ஜான் பிரிங்க்லி, அமெரிக்காவில் உரிமத்தை இழந்தபின் 1931ல் எல்லைக்கு அப்பால் வில்லா அகூனாவில் தொடங்கிய ‘எக்ஸ்இஆர்’ அவற்றில் பேர்போனது. மெக்சிகோவிலிருந்து அந்த நிலையம் அமெரிக்கர்களுக்கு ஆங்கிலத்தில் மருந்து விற்றது. டெக்சசுக்குள் இருந்த மெக்சிகர்களோ தங்கள் மொழியைக் கேட்க விடியற்காலை வரை காத்திருந்தனர்.

மது விற்றவர், செய்தி எழுதியவர்

ராவுல் கோர்ட்டெஸ் 1905ல் மெக்சிகோவின் வேராகுரூஸ் மாநிலத்தில் உள்ள ஹலாப்பா நகரில் பிறந்தவர். மெண்டோசாவை அறிமுகப்படுத்திய மேனுவல் கோர்ட்டெஸ் வேறு, இவர் வேறு. சான் அன்டோனியோவுக்கு வந்தபின் ராவுல் கோர்ட்டெஸ் ‘லா பிரென்சா’வில் செய்தியாளராக இருந்தார். ‘பேர்ல்’ என்ற உள்ளூர் பியர் தயாரிப்பு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாகவும் வேலை செய்தார்.

இந்த இரண்டு வேலைகளும் பின்னால் அவருக்குக் கைகொடுத்தன. செய்தியாளராக, மக்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்பதை அறிந்தார். விற்பனையாளராக, எந்தத் தெருவில் எந்தக் கடை நன்றாக ஓடுகிறது, யாரிடம் விளம்பரத்துக்குப் பணம் கேட்கலாம் என்பதை அறிந்தார். வானொலிக்கு இரண்டாவது அறிவு முதலாவதைவிட முக்கியம் என்றுகூடச் சொல்லலாம்.

அவரும் வாடகையில்தான் தொடங்கினார். ‘கேஎம்ஏசி’ என்ற ஆங்கில நிலையத்தில் நேரம் வாங்கி, ஸ்பானிய மொழியில் பல்சுவை நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். அதற்கான விளம்பரங்களையும் அவரே விற்றார். நேயர்கள் இருந்தனர், விளம்பரதாரர்களும் இருந்தனர். இல்லாதது உரிமம் ஒன்றுதான்.

1944ல் அவர் சொந்த நிலையத்துக்கு விண்ணப்பம் செய்தபோது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அதைவிட மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. எதிரி நாட்டுக்கு இரகசியத் தகவல் போகலாம் என்ற அச்சத்தில், ஆங்கிலம் அல்லாத மொழிகளில் நடந்த ஒலிபரப்புகளை அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் கண்காணித்து வந்தது. எழுதிவைத்ததைத்தான் வாசிக்க வேண்டும், அதைச் சரிபார்க்க மொழி தெரிந்தவர் இருக்க வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகள். பல நிலையங்கள் தொல்லை எதற்கு என்று வேற்றுமொழி நிகழ்ச்சிகளைக் கைவிட்டன.

கோர்ட்டெஸ் அந்தத் தடையையே காரணமாக மாற்றினார். மெக்சிகோ வம்சாவளிச் சமூகத்தைப் போர் முயற்சிக்குப் பின்னால் திரட்டுவது தமது நிலையத்தின் நோக்கங்களில் ஒன்று என்று விண்ணப்பத்தில் குறிப்பிட்டார். அந்தச் சமூகத்தின் இளையர்கள் ஏற்கெனவே பெரும் எண்ணிக்கையில் இராணுவத்தில் இருந்தனர். அவர்களின் பெற்றோருக்குப் புரியும் மொழியில் பேச அரசாங்கத்துக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. அது உண்மையான நாட்டுப்பற்றா, சாமர்த்தியமா என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

உரிமம் வந்தபோது போர் முடிந்துவிட்டது. 1946ல் 1350 என்ற ஏஎம் அலைவரிசையில் கேசிஓஆர் பேசத் தொடங்கியது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலையங்களின் பெயர் பொதுவாக ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும். அதற்கு அடுத்து வரும் மூன்று எழுத்துகள் கோர்ட்டெஸ் என்ற குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள். நிலையத்தின் முழக்கம் ‘லா வோஸ் மெக்சிகானா’. மெக்சிகக் குரல் என்பது அதன் பொருள்.

எண்ணிக்கையில் வராத நேயர்கள்

நாள் முழுவதும் தம்வசம் இருந்ததால் கோர்ட்டெசால் வாடகைக்காரர் செய்ய முடியாததைச் செய்ய முடிந்தது. அரை மணி நேரத்தில் பாட்டும் விளம்பரமும்தான் அடங்கும். முழு நாள் இருந்தால் செய்தி, தொடர் நாடகம், நேரடி இசை, பேச்சு என எல்லாவற்றுக்கும் இடமிருக்கும். இன்ன நேரத்தில் இன்ன நிகழ்ச்சி என்ற பழக்கமும் நேயரிடம் ஏற்படும்.

ஆட்களுக்கும் பஞ்சமில்லை. சான் அன்டோனியோவில் ஸ்பானிய மேடை நாடகம் ஒரு காலத்தில் செழித்திருந்தது. பேசும் படங்களும் மந்தநிலையும் சேர்ந்து அதை முடக்கிய பிறகு, நடிகர்கள் பலர் வானொலிப் பக்கம் வந்தனர். நாடகக் குடும்பத்தில் பிறந்து, மேடையிலேயே வளர்ந்த லாலோ அஸ்தோல் அவர்களில் ஒருவர். கேசிஓஆர் நாடகங்களில் அவரது குரல் ஒலித்தது. பிறகு தொலைக்காட்சியிலும் முகம் காட்டினார். மேடை, ஒலிவாங்கி, கேமரா என ஒரே மனிதர் மூன்றையும் கடந்தார்.

கடினமாக இருந்தது வேறொன்று. நாடு முழுவதும் பொருள் விற்கும் பெரிய நிறுவனங்கள், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கைப் பார்த்துத்தான் விளம்பரம் கொடுக்கும். அந்தக் கணக்கை அப்போது பெரும்பாலும் தொலைபேசி வழியாக எடுத்தார்கள். வீடுகளுக்கு அழைத்து, இப்போது எந்த நிலையத்தைக் கேட்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். மேற்குப் பகுதியின் ஏழை வீடுகளில் பலவற்றில் தொலைபேசியே கிடையாது. இருந்த வீடுகளிலும் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு எத்தனை பேர் பதில் சொல்லியிருப்பார்கள்? தெருவே கேட்ட நிலையம், காகிதத்தில் யாரும் கேட்காத நிலையமாகத் தெரிந்தது.

1950களில் இந்தக் காற்று ஓரளவு மாறியது. தொலைக்காட்சி வந்ததும் பெரிய விளம்பரதாரர்கள் ஆங்கில வானொலியைவிட்டு அங்கே ஓடினர். வருவாய் குறைந்த வானொலி நிலையங்கள் புதிய நேயர்களைத் தேடின. ஸ்பானிய மொழியிலும் கறுப்பின மக்களுக்காகவும் நாடெங்கும் நிகழ்ச்சிகள் பெருகியது அப்போதுதான். கோர்ட்டெஸ் அந்தப் பாதையில் ஏற்கெனவே பல ஆண்டுகள் நடந்திருந்தார்.

ஆங்கிலக் கழகத்தின் ஸ்பானிய வானொலித் தலைவர்

கோர்ட்டெசின் வாழ்க்கையில் ஆர்வமூட்டும் முரண் ஒன்று உண்டு. அவர் 1948லும் 1949லும் ‘லூலாக்’ எனப்படும் ஐக்கிய லத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் கழகத்தின் தேசியத் தலைவராக இருந்தார். 1929ல் டெக்சசில் தொடங்கிய அந்தக் கழகம் அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. ஆங்கிலத்தையே தன் அதிகாரபூர்வ மொழியாக வைத்திருந்தது. நல்ல ஆங்கிலம் பேசும் நல்ல குடிமக்களாக இருந்தால் உரிமை கிடைக்கும் என்பது அதன் தொடக்ககால நம்பிக்கை. அதன் தலைவர், காலை முதல் ஸ்பானிய மொழியில் ஒலிக்கும் நிலையத்தின் உரிமையாளர்.

அவருக்கு இது முரணாகத் தோன்றியிருக்காது. பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டும். அதற்காகப் பெற்றோரை இருட்டில் வைக்க வேண்டியதில்லை. வானொலியும் கழகமும் அவரிடம் ஒரே வேலையின் இரு பக்கங்களாக இருந்தன.

அவரது தலைமைக் காலத்தில் லூலாக் ஆதரித்த வழக்குகளில் முக்கியமானது ‘டெல்காடோ எதிர் பாஸ்ட்ராப்’. மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை எதிர்த்து, வழக்கறிஞர் கஸ் கார்சியா அதை நடத்தினார். 1948 ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றம் அந்த ஒதுக்கலைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. ஆனால், முழு வெற்றி அல்ல. ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் மட்டும், அதே பள்ளி வளாகத்தில், தனி வகுப்பு நடத்த நீதிமன்றம் இடம் விட்டுவைத்தது. பல மாவட்டங்கள் அந்தச் சந்தைப் பின்னும் நீட்டிப் பயன்படுத்திக்கொண்டன.

ஒளிவழி 41

வானொலியில் வெற்றி கண்டவருக்குத் தொலைக்காட்சி ஆசை வருவது இயல்பு. 1955ல் கோர்ட்டெஸ் ‘கேசிஓஆர்’ தொலைக்காட்சியை ஒளிவழி 41ல் தொடங்கினார். அமெரிக்க நிலப்பரப்பின் முதல் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி நிலையம் இதுவே.

சிக்கல் அந்த 41 என்ற எண்ணிலேயே இருந்தது. இரண்டு முதல் 13 வரையிலான ஒளிவழிகளை எல்லாத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் பிடிக்கும். அதற்கு மேற்பட்டவை யுஎச்எஃப் எனப்படும் உயர் அலைவரிசையில் வருபவை. அவற்றைப் பார்க்கத் தனியாக ஒரு மாற்றுக் கருவி வாங்கிப் பொருத்த வேண்டும். எல்லாப் பெட்டிகளும் இரண்டு வகையையும் பிடிக்க வேண்டும் என்ற சட்டம் 1962ல்தான் வந்தது. ஆக, 1955ல் இந்த நிலையத்தைப் பார்க்க ஓர் ஏழைக் குடும்பம் முதலில் பெட்டி வாங்க வேண்டும், பிறகு கருவியும் வாங்க வேண்டும். அப்படி வாங்கிப் பார்த்தவர்களையும் விளம்பரதாரர்கள் நம்பவில்லை.

செலவும் அதிகம். வானொலியில் ஒரு கித்தாரும் ஒரு குரலும் போதும். தொலைக்காட்சிக்கு ஆடை, அரங்கம், விளக்கு, கேமரா எல்லாம் வேண்டும். மெக்சிகோவிலிருந்து திரைப்படங்களை வாங்கி இடைவெளிகளை நிரப்பினார்கள். நிகழ்ச்சித் தயாரிப்பைக் கவனித்துக்கொண்டவர் கோர்ட்டெசின் மருமகன் எமிலியோ நிக்கோலாஸ். மெக்சிகோவில் பிறந்து, சான் அன்டோனியோவில் அறிவியல் படித்து, இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து ஆய்வில் வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். ஆய்வுக்கூடத்தைவிட்டு மாமனாரின் படப்பிடிப்பு அரங்குக்கு வந்தார்.

ஆறு ஆண்டுகள் நட்டத்தைத் தாங்கிய கோர்ட்டெஸ் 1961ல் தொலைக்காட்சி நிலையத்தை விற்றார். வாங்கிய குழுவில் நிக்கோலாசும் இருந்தார். ஆனால், குழுவின் பின்னால் இருந்த பெரிய கை, மெக்சிகோவின் வானொலி, தொலைக்காட்சி அதிபர் எமிலியோ அஸ்காராகா விடாவுரேத்தா. மெக்சிகோ நகரில் 1930ல் ‘எக்ஸ்இடபிள்யூ’ வானொலியைத் தொடங்கி, ஒரு பேரரசாக வளர்த்தவர். அவரிடம் நிகழ்ச்சிகள் மலைபோலக் குவிந்திருந்தன. எல்லைக்கு வடக்கே அவற்றைக் காட்ட ஒரு சன்னல் தேவைப்பட்டது.

கேசிஓஆர் தொலைக்காட்சி பின்னர் ‘கேடபிள்யூஇஎக்ஸ்’ ஆனது. 1962ல் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய ‘கேஎம்இஎக்ஸ்’ உடன் சேர்ந்து, ஒரு ஸ்பானியத் தொலைக்காட்சிக் கட்டமைப்பின் முதல் கண்ணிகள் இவையே. அமெரிக்கச் சட்டப்படி ஒலிபரப்பு உரிமம் பெற்ற நிறுவனத்தில் வெளிநாட்டவர் 20 விழுக்காட்டுக்குமேல் பங்கு வைத்திருக்கக் கூடாது. காகிதத்தில் அஸ்காராகா அந்த வரம்புக்குள் இருந்தார். ஆனால், உண்மையான கட்டுப்பாடு மெக்சிகோவில்தான் இருக்கிறது என்ற புகார் நீண்டகாலம் விசாரிக்கப்பட்டு, 1986ல் நிறுவனத்துக்கு எதிராக முடிவானது. நிலையங்கள் வாழ்த்து அட்டை நிறுவனமான ‘ஹால்மார்க்’ உள்ளிட்ட குழுவுக்கு ஏறத்தாழ 300 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டன. 1987 முதல் கட்டமைப்பின் பெயர் ‘யூனிவிஷன்’. இன்று அமெரிக்காவில் ஸ்பானியத் தொலைக்காட்சி என்றாலே பலரும் முதலில் சொல்லும் பெயர் அது.

அதன் வேர் ஓர் உள்ளூர் வானொலிக்காரரின் நட்டக் கணக்கில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கோர்ட்டெஸ் அதைப் பார்க்கவும் இல்லை. அவர் 1971ல் காலமானார். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அரும்பொருளகம் 2015ல் திறந்த தொழில்முனைப்புக் கண்காட்சியில் அவரையும் சேர்த்துக்கொண்டது.

யாருடைய ஸ்பானிய மொழி?

சொந்த நிலையம் வந்ததோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அடுத்து எழுந்த கேள்வி, எந்த ஸ்பானிய மொழி என்பது.

அக்காலத்து ஸ்பானிய வானொலியின் கண் பொதுவாக மெக்சிகோ நகரின் பக்கம் இருந்தது. அங்கிருந்து வந்த பாடல், அங்கிருந்து வந்த நாடகம், திருத்தமான உச்சரிப்பு. தெற்கு டெக்சசில் பிறந்து வளர்ந்தவர்கள் பேசிய, ஆங்கிலம் கலந்த ஸ்பானிய மொழியும், அவர்கள் ஆடிய அக்கார்டியன் இசையும் தாழ்வாகவே பார்க்கப்பட்டன. மொழித் தூய்மை, மக்கள் பேச்சு என்ற இழுபறி எந்த மொழிச் சிறுபான்மைக்கும் புதிதல்ல.

1966ல் மேனுவல் தாவிலா தொடங்கிய ‘கேஇடிஏ’ வானொலி அந்த வரிசையில் துணிந்து வேறு பக்கம் நின்றது. அது தன்னை ‘ரேடியோ ஹலபேன்யோ’ என்று அழைத்துக்கொண்டது. ஹலபேன்யோ ஒரு காரமான மிளகாய் வகை. உள்ளூர் டெஹானோ இசைக்கே அங்கு முதலிடம். நிறுவனரின் மகன் ரிக்கார்தோ ‘குவேரோ போல்காஸ்’ என்ற பெயரில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழிகளையும் கலந்து அடித்துப் பேசுவார். பண்டிதர்கள் முகம் சுளித்திருக்கலாம். ஆனால், வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று எனப் பழகிய தலைமுறை தன் பேச்சை அப்படியே வானொலியில் கேட்டது அப்போதுதான். உள்ளூர்க் குழுக்களின் இசைத்தட்டுகளுக்கும் அங்கே கதவு திறந்திருந்தது. தாவிலா குடும்பம் 45 ஆண்டுகள் அந்த நிலையத்தை நடத்தி, 2011ல் விற்றது.

கைமாறிய 1350

கேசிஓஆர் வானொலியின் பிற்காலக் கதை பெரும்பாலும் நிறுவனக் கணக்குகளின் கதை. ‘டிச்செனார்’ என்ற டெக்சஸ் குடும்ப நிறுவனத்தின் கையில் இருந்த அது, 1997ல் நடந்த இணைப்புவழி ‘ஹிஸ்பானிக் பிராட்காஸ்டிங்’ என்ற பெருநிறுவனத்துக்குச் சென்றது. 2003ல் அந்த நிறுவனத்தையே யூனிவிஷன் வாங்கியது. 1961ல் பிரிந்த வானொலியும் தொலைக்காட்சியும் இப்படி 42 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தன. அந்தக் கூரை கோர்ட்டெஸ் குடும்பத்துடையது அல்ல.

இதற்கிடையே ஏஎம் ஒலிபரப்பின் மதிப்பே சரிந்துவிட்டது. இசை எஃப்எம் பக்கம் போனது. பிறகு கைப்பேசிக்குப் போனது. ஏஎம்மில் பேச்சும் விளையாட்டும் தங்கின. ஆனாலும் வயதான நேயர்கள், வேலையிடங்களில் வானொலியைத் திறந்தே வைத்திருப்போர், வாகனம் ஓட்டுவோர் என ஸ்பானிய ஏஎம் நிலையங்களுக்கு ஒரு கூட்டம் எஞ்சியிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு வாக்குரிமையும் உண்டு.

அதனால்தான் 2022ல் நடந்த விற்பனை அரசியல் செய்தியானது. யூனிவிஷன் தன் 18 வானொலி நிலையங்களை ‘லத்தினோ மீடியா நெட்வொர்க்’ என்ற புதிய நிறுவனத்துக்கு 60 மில்லியன் டாலருக்கு விற்றது. சான் அன்டோனியோவின் கேசிஓஆர் அவற்றில் ஒன்று. புதிய நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டெஃபனி வலென்சியா, ஜெஸ் மொராலெஸ் ரொக்கெட்டோ இருவரும் ஹிஸ்பானியப் பெண்கள். ஜனநாயகக் கட்சி அரசியலில் பணியாற்றியவர்கள். நிதியின் ஒரு பகுதி செல்வந்தர் ஜார்ஜ் சோரோசுடன் தொடர்புடைய முதலீட்டு நிறுவனத்திலிருந்து வந்தது என்பதால் குடியரசுக் கட்சியினர் கடுமையாக எதிர்த்தனர். மயாமியில் கியூபா வம்சாவளி நேயர்களிடம் செல்வாக்குப் பெற்ற ‘ரேடியோ மாம்பி’யும் விற்பனையில் அடங்கியிருந்ததால், அங்கு சில அறிவிப்பாளர்கள் வேலையைவிட்டு விலகினர். ஆனாலும், கூட்டரசு தொடர்பு ஆணையம் அதே ஆண்டு இறுதியில் உரிம மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தது.

கோர்ட்டெஸ் 1944ல் விண்ணப்பம் அனுப்பியதும் அதே ஆணையத்துக்குத்தான்.